முருங்கை மரத்தில் உட்கார்ந்தது வைரியா? மூன்று படங்கள், உதவி தேவை

மருதாணி எழுதியது:

வணக்கம். பறவை பார்ப்பதில் நான் சுத்தக் கத்துக்குட்டி, பொறுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு மாமனார் ஊருக்கு வந்திருக்கிறேன், சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கொழுந்தனார் பழைய ஜூம் கேமரா ஒன்றைப் பரணில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துத் தூசி தட்டி, சார்ஜ் ஏற்றி, நாலு நாளாக வீட்டுக்கும் கண்மாய்க்கும் நடையாய் நடக்கிறேன். இருநூறு படத்துக்கு மேல் எடுத்ததில் உருப்படியாகத் தேறியவை மூன்று. அந்த மூன்றுக்கும் பெயர் தெரியவில்லை.

படம் 1: வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம். புறா அளவு இருக்கும், உடம்பு கொஞ்சம் ஒல்லி. முதுகு சாம்பல், வாலில் கறுப்புப் பட்டைகள், நெஞ்சில் லேசான செங்காவி, கண் மஞ்சள். இரண்டு காக்கைகள் விடாமல் விரட்டிக்கொண்டிருந்தன. ஒரு செயலியில் போட்டுப் பார்த்தேன், வைரி என்றது. அதே படத்தைக் கொஞ்சம் வெட்டிப் போட்டால் வேறு ஏதோ சொல்கிறது. எதை நம்புவது?

படம் 2: கண்மாய்க் கரையில், கருவேல மரத்தடியில் நின்றது. பழுப்பு உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. குருட்டுக் கொக்கு என்று நினைத்தேன், ஆனால் குருட்டுக் கொக்குக்கு இப்படிப் புள்ளி உண்டா? மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, நன்றாகப் பார்த்துவிட்டு "கொக்கு" என்றார். முந்தின நாள் காட்டிய நாரைக்கும் அதே பதில்தான்.

படம் 3: தண்ணீர் ஓரமாகச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தது. நான் வரப்பில் கால் வைத்ததும் கத்திக்கொண்டே பறந்துவிட்டது, அதனால் முதுகுப்புறம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. வால் தொடங்குகிற இடத்தில் பளிச்சென்று வெள்ளை.

மூன்றையும் வாட்ஸ்அப்பில் என் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து இங்கே ஏற்றியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பருந்துப்பார்வை எழுதியது:

முதல் படம் வைரிதான், இதில் சந்தேகமே வேண்டாம். சில ஊர்களில் வல்லூறு என்பார்கள். சாம்பல் முதுகு, மஞ்சள் கண், பட்டை போட்ட வால், எல்லாம் பொருந்துகிறது. காக்கை விரட்டுகிறது என்றாலே வேட்டைப் பறவைதான். மற்ற இரண்டும் எனக்குத் தெரியவில்லை, நீர்ப்பறவைகளில் நான் வீக்.

நாணல் எழுதியது:

பருந்துப்பார்வை தம்பி, அவசரப்பட வேண்டாம். காக்கை எதைத்தான் விரட்டாது? ஆந்தையை விரட்டும், குயிலை விரட்டும், எங்கள் தெருவில் பூனையையே விரட்டுகிறது. அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

மருதாணி, உங்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும். அலகு முனை, தொண்டைக் கோடு மாதிரி நமக்கு வேண்டிய சங்கதிகள்தான் முதலில் குழம்பும். கார்டிலிருந்து நேராக எடுத்து ஏற்றுங்கள், முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே டாக்குமெண்டாக அனுப்பினாலும் படம் அப்படியே வரும்.

இன்னொன்று, படங்களின் மூலையில் தேதி அச்சாகியிருக்கிறது, 2017 ஜூன் என்று. பொங்கலுக்கு எடுத்தது என்கிறீர்கள். பரணில் கிடந்த கேமரா என்பதால் கடிகாரம் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். மாதம் மாறினால் பறவைப் பட்டியலே மாறும். மூன்றாவது படத்தில் இருப்பது போன்ற வலசைப் பறவைகள் ஜூனில் அநேகமாக நம் ஊரில் இருக்காது, ஜனவரியில் கண்மாய்க்குக் கண்மாய் இருக்கும்.

நிறத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். படத்தில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். சாயங்கால வெயிலில் எடுத்த வெள்ளைக் கொக்கு கழுத்தில் ஆரஞ்சு ஏறி உண்ணிக்கொக்கு போலத் தெரியும். வானம் பின்னால் இருந்தால் எல்லாப் பறவையும் காக்கைதான். அலகையும் காலையும் பாருங்கள், அவை அவ்வளவாக ஏமாற்றாது.

இந்தப் படத்தில் எனக்கு உறுத்துவது கால். வைரிக்குக் கால் நீளமாக, மெலிந்து, மஞ்சளாக இருக்கும், கிளையை இறுக்கிப் பிடித்து நிமிர்ந்து உட்காரும். உங்கள் பறவைக்குக் காலே சரியாகத் தெரியவில்லை, வயிறு கிளையில் படுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அலகும் கொக்கி போலத் தெரியவில்லை, சும்மா லேசாக வளைந்து நீளமாக இருக்கிறது. வைரி என்றால் தொண்டை நடுவில் மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு இறங்க வேண்டும், அதையும் காணோம். என் கை அக்காக்குயில் பக்கம் சாய்கிறது, ஆனால் நசுங்கின படத்தை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன்.

அது என்ன செய்துகொண்டிருந்தது? எவ்வளவு நேரம் இருந்தது? வந்து உட்கார்ந்ததும் வாலை ஏதாவது செய்ததா? படத்தில் இல்லாததை எல்லாம் எழுதுங்கள், சம்பந்தமில்லை என்று தோன்றினாலும் எழுதுங்கள்.

மருதாணி எழுதியது:

நன்றி ஐயா. தேதி தப்புதான், கேமராவை ஆன் செய்ததும் ஏதோ கேட்டது, நான் ஓகே ஓகே என்று அமுக்கிக்கொண்டே போய்விட்டேன். படம் எடுத்தது போகிப் பண்டிகையும் அதற்கு முந்தின நாளும். கார்டிலிருந்து எடுத்த படங்களை இப்போது ஏற்றிவிட்டேன், முதல் பறவைக்கு மங்கலான இன்னும் இரண்டு படங்களும் சேர்த்து.

என்ன செய்தது என்று கேட்டீர்கள். வேட்டையாடின மாதிரி ஒன்றும் தெரியவில்லை. அந்த முருங்கை மரத்தில் இந்த வருஷம் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கிறது, அடிமரம் முழுக்கப் போர்வை போர்த்தின மாதிரி. பொங்கல் வேலை முடிந்ததும் தீப்பந்தம் பிடித்துக் கொளுத்திவிடலாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பறவை இரண்டு நாளும் காலையில் அதே மரத்துக்குத்தான் வந்தது. ஒரு கம்பளிப்பூச்சியைக் கொத்தி எடுத்து, அலகில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து, கிளையில் தேய்த்து விழுங்கினதைப் பார்த்தேன். எனக்கே உடம்பு அரித்தது. அப்போது படம் எடுக்கத் தோன்றவில்லை, வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால் விஷயம், ஆமாம். வந்து உட்கார்ந்ததும் வாலை இரண்டு பக்கமும் ஆட்டியது, கழுவின கையை உதறுகிற மாதிரி. காக்கை மட்டுமில்லை, வீட்டு வேலியில் இருக்கிற தவிட்டுக்குருவிக் கூட்டமும் அது வந்ததும் காச்சுமூச்சென்று கத்த ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் முக்கியமா என்று தெரியாமல் முதலில் எழுதவில்லை.

நாணல் எழுதியது:

அம்மா, இதை முதலிலேயே எழுதியிருந்தால் படமே தேவைப்பட்டிருக்காது!

வைரி ஓணான் பிடிக்கும், சின்னக் குருவி பிடிக்கும், வெட்டுக்கிளி பிடிக்கும். முருங்கையில் உட்கார்ந்து கம்பளிப்பூச்சி தின்றுகொண்டு இருக்காது. மயிர் நிறைந்த அந்தப் பூச்சியைப் பெரும்பாலான பறவைகள் சீண்டவே சீண்டாது, குயில் இனத்துக்கு அது விருந்து. வந்து உட்கார்ந்ததும் வாலை இரு பக்கமும் ஆட்டுவதும் அக்காக்குயிலின் வழக்கம்தான். புதிதாக ஏற்றின படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று மை தீட்டின மாதிரி ஓடுகிறது, அலகில் கொக்கி இல்லவே இல்லை. மங்கலாக இருக்கிறது என்றீர்களே, அந்த இரண்டாவது படத்தில்தான் கால்விரல் தெரிகிறது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வைரிக்கு முன்னால் மூன்று இருக்கும். நீங்கள் கழித்துக்கட்டின படம்தான் எனக்கு உதவியது. மங்கல் என்று எதையும் அழிக்காதீர்கள்.

தவிட்டுக்குருவி கத்தினதற்கும் காரணம் இருக்கிறது. அக்காக்குயில் கூடு கட்டாது, தவிட்டுக்குருவிக் கூட்டில்தான் முட்டையிடும். உருவம் மட்டுமில்லை, இரண்டு மூன்று முறை இறக்கையடித்து அப்படியே மிதந்து போகிற அந்தப் பறக்கும் விதமும் வைரி மாதிரியேதான். குருவிகள் பயப்படுகின்றன, நாம் ஏமாறுகிறோம். செயலி ஏமாந்ததிலும் ஆச்சரியம் இல்லை. அது படத்தை மட்டும்தான் பார்க்கிறது, கம்பளிப்பூச்சியைப் பற்றி அதனிடம் யாரும் சொல்லவில்லை.

வெயில் காலம் வரட்டும், விடிகாலையில் ஒவ்வொரு முறையும் சுருதி ஏற்றிக்கொண்டே போய்த் தலைவலி வருகிற அளவுக்குக் கத்தும் பாருங்கள், அது இவர்தான். கத்தாத மாதங்களில் கண்ணில் படுவதே குறைவு.

பருந்துப்பார்வை எழுதியது:

சரி, தோற்றேன். "சந்தேகமே வேண்டாம்" என்று எழுதினதை அழிக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும், என் மூக்குடைந்த வரலாற்றில் இதுவும் ஒன்று. இதற்கு முன்பு ஒரு பெண் குயிலைப் படம் எடுத்து (பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, சிவந்த கண்) ஏதோ அபூர்வப் பறவை எங்கள் காலனிக்கு வந்துவிட்டது என்று அபார்ட்மெண்ட் குரூப்பில் போட்டேன். பதினோரு பேர் மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள். கறுப்பாக இருக்கிற ஆணை மட்டும்தான் குயில் என்று முப்பத்தைந்து வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொள்ளுக்குடியான் எழுதியது:

இரண்டாவது படத்துக்கு நான் வருகிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டுப் பிள்ளை. அக்கா, அது வக்கா குஞ்சு. குஞ்சு என்றால் கூட்டில் இருக்கிற குஞ்சு இல்லை, பறக்கத் தெரிந்த இளவட்டம். இராக்கொக்கு என்றும் சொல்வார்கள்.

குருட்டுக் கொக்குக்கு முதுகு வெறும் பழுப்புத்தான், கழுத்திலும் நெஞ்சிலும் கோடு கோடாக இருக்கும். இதற்கு இறக்கை மேலெல்லாம் அரிசியைச் சிதறவிட்ட மாதிரி புள்ளி. தலை பெரிசு, அலகு தடிமன், கழுத்து இருக்கிறதா என்றே தெரியாது, குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த கிழவர் மாதிரி இருக்கும். சந்தேகம் இருந்தால் அது பறக்கிற வரைக்கும் பொறுத்திருங்கள். குருட்டுக் கொக்கு இறக்கையை விரித்ததும் சட்டென்று முழு வெள்ளையாகிவிடும், இது பழுப்பாகவே போகும். பெரிய வக்காவைப் பார்த்தால் இதன் தாய் தகப்பன் என்று நம்பவே மாட்டீர்கள். உச்சந்தலையும் முதுகும் கறுப்பு, இறக்கை சாம்பல், கண் சிவப்பு. அந்தக் கோலம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். பொழுது சாய்ந்ததும் தலைக்கு மேலே "வக்" என்று ஒற்றைச் சத்தம் கேட்டால் அதுதான்.

உங்கள் மாமனார் சொன்னது முழுக்கத் தப்பில்லை, கொக்கு ஜாதிதான்.

நீங்கள் சொல்கிற இடம் எங்கள் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும். மூன்று கண்மாய் சேர்ந்தது, 1977இல் சரணாலயம் ஆனது. அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பறவை கலைந்துவிடும் என்று. சின்ன வயதில் எனக்கு அதில் மகா வருத்தம், மாமா ஊருக்குப் போய் வெடித்துவிட்டு வருவேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இப்போது மரத்தில் கூடு இருக்கிறது, பக்கத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டாம். போன வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நல்ல படம் வேண்டும் என்று மரத்தடியில் நின்று கையைத் தட்டினார். தாய்ப் பறவை எல்லாம் எழும்பிவிட்டது, வெயிலில் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. நாங்கள் சத்தம் போட்டுத்தான் அனுப்பினோம்.

தூக்கணாங்கூடு எழுதியது:

நாணல் சாரோடு ஒரு சின்னச் சண்டை. நிறம் ஏமாற்றும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டீர்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் எங்கள் குளியலறையில் ஒரு குருவி வந்து விழுந்து கிடந்தது. நடுங்குகிற கையில் எடுத்த படம், போன் பழைய போன், பல்பு வெளிச்சம். ஆனால் பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் இரத்தச் சிவப்பு. படத்தை அனுப்பின இரண்டாவது நிமிஷம் பதில் வந்துவிட்டது, ஆறுமணிக்குருவி என்று. வடக்கிலிருந்து நம் பக்கம் வலசை வருகிறபோது களைத்துப்போய் இப்படி வீடுகளில் விழுமாம். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டாக வைத்து, பொழுது சாயத் தோட்டத்தில் திறந்துவிட்டோம். பெட்டி விளிம்பில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனது. அங்கே அலகை யார் பார்த்தார்கள்?

நாணல் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆறுமணிக்குருவிக்கு அலகு தேவையில்லை, மயிலுக்கும் தேவையில்லை. நான் சொன்னது சாம்பலும் பழுப்புமாக இருக்கிற ஏழைப்பட்ட பறவைகளுக்கு. சிக்கல் எல்லாம் அங்கேதான்.

ஜெய்_க்ளிக்ஸ் எழுதியது:

மூன்றாவது படத்தை ஒரு ஏஐ ஷார்ப்பனிங் டூலில் போட்டு நாலு மடங்கு பெரிதாக்கினேன், இணைத்திருக்கிறேன், பாருங்கள். இறகு இறகாகத் தெரிகிறது. முதுகில் புள்ளிகள் குறைவு, கறுத்த முதுகு, அதனால் உள்ளான் வகையில் கிரீன் சாண்ட்பைப்பர். முடிந்தது கதை.

நாணல் எழுதியது:

ஜெய், படம் அழகாக இருக்கிறது, ஆனால் அது மருதாணி பார்த்த பறவை இல்லை. மூலப் படத்தில் பறவை இருக்கிற இடம் மொத்தமே கட்டைவிரல் நகம் அளவு. அதில் இல்லாத இறகை அந்த டூல் எங்கிருந்து கொண்டுவரும்? இப்படித்தான் இருக்கும் என்று அதுவாக வரைந்து வைக்கிறது. உங்கள் படத்தில் இடது இறக்கையில் இருக்கிற புள்ளிகளை மூலப் படத்தில் தேடிப் பாருங்கள், அங்கே தண்ணீரின் பளபளப்புத்தான் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், வெட்டலாம், அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாலடியில் வெள்ளை என்பதால் சாதா உள்ளான் இல்லை, அதற்கு அந்த இடம் பழுப்பு, இறக்கையில்தான் வெள்ளைக் கோடு ஓடும். மிச்சம் இருப்பது வுட் சாண்ட்பைப்பரும் கிரீன் சாண்ட்பைப்பரும். இரண்டுக்கும் வாலடி வெள்ளைதான், பிரிப்பது இறக்கையின் அடிப்பக்கம். கிரீனுக்கு அடிப்பக்கம் கறுத்திருக்கும், வுட்டுக்கு வெளுத்திருக்கும். இந்தப் படத்தில் மேல்பக்கம் மட்டும்தான். கால் தெரிந்தால் மஞ்சள் ஓடுகிறதா என்று பார்க்கலாம், அதுவும் இல்லை. எனவே என் பதில்: உள்ளான், இரண்டில் ஒன்று, எது என்று சொல்ல முடியாது. முப்பது வருஷமாகப் பார்க்கிறவனிடம் போனாலும் இந்தப் படத்துக்கு இதற்கு மேல் பதில் கிடைக்காது, கிடைத்தால் நம்பாதீர்கள்.

மருதாணி, பறக்கும்போது கத்தியது என்றீர்கள். சத்தம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா?

ஜெய்_க்ளிக்ஸ் எழுதியது:

தண்ணீர் பளபளப்பு விஷயம் உண்மைதான் சார், இப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பயமாகவே இருக்கிறது, இதே டூலில் போன மாதம் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஓட்டி வைத்திருக்கிறேன்.

மருதாணி எழுதியது:

சத்தம் சரியாக நினைவில்லை ஐயா, "சிவ்சிவ்சிவ்" என்று வேகமாக இருந்ததாக ஒரு நினைப்பு, ஆனால் நீங்கள் கேட்ட பிறகு நானே கற்பனை செய்கிறேனோ என்றும் தோன்றுகிறது. அதனால் இன்று காலை மறுபடி போனேன். அதே இடம், அதே வரப்பு. உள்ளான் இல்லை. எருமை இரண்டு இறங்கிக் கிடந்தன.

மாமாவிடம் வக்கா குஞ்சு என்று சொன்னேன். "அதைத்தானே கொக்கு என்றேன்" என்றார். ஆனால் சாயங்காலம் வாசலில் கட்டிலில் படுத்திருந்தவர், இருட்டில் மேலே "வக்" என்று சத்தம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு விரலை மேலே காட்டினார்.

முருங்கையைக் கொளுத்தும் வேலையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். குயில் எல்லாவற்றையும் தின்று தீர்க்காது என்று எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் சரி என்றார். மூன்றாவது படத்தை அழிக்கவில்லை, "உள்ளான், இரண்டில் ஒன்று" என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டேன்.

நாணல் எழுதியது:

அந்த "சிவ்சிவ்சிவ்" வுட் சாண்ட்பைப்பர் பக்கம் இழுக்கிறது, ஆனால் நீங்களே சந்தேகப்படுவதால் பெயரை மாற்ற வேண்டாம். அடுத்த முறை பறவை பறந்துபோனதும் போனை எடுத்து, நீங்கள் கேட்ட சத்தத்தை நீங்களே வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், எருமையைத் தவிர.

பருந்துப்பார்வை எழுதியது:

அப்படியே கேமராவில் தேதியையும் மாற்றிவிடுங்கள். இன்று ஏற்றின எருமைப் படத்திலும் 2017 ஜூன் என்றே இருக்கிறது.